களஞ்சியமா, பதுக்கலா?

பஞ்ச காலத்தில் ஒருவருடைய கிடங்கில் நூறு மூட்டை கோதுமை இருக்கிறது. அவரை முன்யோசனை உள்ளவர் என்று புகழ்வதா? பதுக்கல்காரர் என்று இகழ்வதா? கோதுமை ஒன்றே, மூட்டை ஒன்றே, கிடங்கும் ஒன்றே. ஆயினும் ஒருவருக்கு அது நன்மையாகவும் மற்றவருக்குப் பாவமாகவும் எழுதப்படுகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது?

இதை வெறும் ஏட்டுக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. 2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவி ஊரடங்கு வந்தபோது கடைகளில் அரிசியும் மாவும் மளமளவென்று மறைந்ததை நாம் கண்டோம். 2021 மார்ச் 23 அன்று நானூறு மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ என்ற ஒரே ஒரு கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கிக்கொண்டது. ஆறு நாட்கள் உலக வாணிபத்தின் பெருவழி அடைபட்டுக் கிடந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் போர் மூண்டதும் அந்நாட்டின் கருங்கடல் துறைமுகங்களிலிருந்து தானியக் கப்பல்கள் புறப்படுவது நின்றது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டமையால் பல கப்பல்கள் ஆப்பிரிக்கா கண்டத்தையே சுற்றிக்கொண்டு செல்ல நேர்ந்தது. விளையும் இடத்திலிருந்து உண்ணும் இடம் வரை நீண்டு கிடக்கும் இந்த விநியோகச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பதை இந்த நான்கே ஆண்டுகள் நமக்குக் காட்டிவிட்டன.

அறுந்து போகாத சங்கிலியை அமைப்பது எவ்வாறு என்று வணிகரும் அரசினரும் ஆராய்ந்து வருகின்றனர். அந்த ஆராய்ச்சியின் அடியில் ஓர் அறக் கேள்வி இருக்கிறது. இடர் வரும் நாளுக்கென்று யார் சேர்த்து வைப்பது? எப்போது சேர்ப்பது? யாருக்காகத் திறப்பது? இதற்கு விடை தேட நாம் ஒரே ஒரு நாட்டின் கோதுமையைப் பின்தொடர்ந்து செல்வோம். அந்த நாடு மிஸ்ரு என்னும் எகிப்து. களஞ்சியத்தின் சிறப்பையும், களஞ்சியம் காலியானால் விளையும் கேட்டையும் அந்த நைல் நதி தீரத்தைப் போல் கண்ட பூமி வேறில்லை எனலாம்.

யூசுஃப் நபியின் திட்டம்

மிஸ்ரு மன்னர் கண்ட கனவும், அதற்கு யூசுஃப் (அலை) அவர்கள் கூறிய விளக்கமும் நம் வீட்டுச் சிறுவர்களும் அறிந்தவை. ஏழாண்டு செழிப்பு, அதன்பின் ஏழாண்டு பஞ்சம். ஆனால் அந்த வரலாற்றை நாம் ஓதிச் செல்லும்போது, அதில் அடங்கியுள்ள ஏற்பாட்டின் நுட்பங்களைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

முதலாவதாக, சேமிப்பு செழிப்பான ஆண்டுகளில் நடந்தது. மக்கள் தவித்துக்கொண்டிருந்தபோது சந்தையிலிருந்து வாரி எடுத்துச் சேர்த்தது அல்ல. இரண்டாவதாக, தானியத்தைக் கதிரிலேயே விட்டு வைக்கச் சொன்னார்கள். உமி நீங்காத மணி எளிதில் கெடாது என்பதை உழவர் அறிவர். மூன்றாவதாக, செழிப்பான காலத்திலும் உண்பதற்கு மட்டும் சிறிது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்; பஞ்ச காலத்திலோ எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடாமல் சிறிது மீத்து வைக்கச் சொன்னார்கள். அந்த மீதம் அடுத்த விதைப்புக்கு என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். நான்காவதாக, பஞ்சம் வந்ததும் களஞ்சியம் திறந்தது; உள்ளூராருக்கு மட்டுமின்றி, கன்ஆன் தேசத்திலிருந்து வந்த அயலாருக்கும் திறந்தது. தலைக்கு ஓர் ஒட்டகச் சுமை என்று அளவு வைத்துக் கொடுக்கப்பட்டது. கையில் மதிப்பற்ற சரக்கோடு வந்து நின்ற சகோதரர்கள் கூட, அளவைக் குறைக்காமல் நிறைத்துத் தருமாறு கேட்க முடிந்தது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, களஞ்சியப் பொறுப்பைக் கேட்டு ஏற்றபோது யூசுஃப் (அலை) அவர்கள் தம்மிடமுள்ள இரு தகுதிகளைக் குறிப்பிட்டார்கள். ஒன்று, பாதுகாக்கும் நேர்மை, மற்றொன்று, அறிவு. நேர்மை இல்லாதவனிடம் சாவியைக் கொடுத்தால் களஞ்சியம் கொள்ளை போகும். அறிவு இல்லாதவனிடம் கொடுத்தால் புழுத்துப் போகும். உலகில் எத்தனையோ அரசுக் கிடங்குகள் இவ்விரண்டில் ஒன்று இல்லாமையாலேயே பாழாயின.

ஆகவே நம் கேள்விக்கு முதல் விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. செழிப்பில் சேர்த்து, வறுமையில் திறப்பது களஞ்சியம். வறுமையில் சேர்த்து, வறுமை முற்றும் வரை மூடி வைப்பது பதுக்கல். இரண்டையும் பிரிப்பது கதவு திறக்கும் நேரம்.

ஃபிக்ஹு நூல்களின் தராசு

பதுக்குபவன் பாவி என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்களின் கூற்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதை அறிவித்த ஸஈத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களைப் பார்த்து, “நீங்களே சரக்கு இருப்பு வைத்திருக்கிறீர்களே?” என்று ஒருவர் கேட்டுவிட்டார். தமக்கு அந்த ஹதீஸைச் சொன்ன மஃமர் (ரலி) அவர்களும் இருப்பு வைத்ததுண்டு என்று அன்னார் பதிலளித்தார்கள். இது முரண்பாடா? இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் இதற்கு விளக்கம் தருகின்றனர்: அவ்விருவரும் வைத்திருந்தது எண்ணெய் போன்ற பொருள்; தடுக்கப்பட்டதோ மக்களுக்குத் தேவையும் விலையேற்றமும் உள்ள வேளையில் அவர்களுடைய ஆகாரத்தைத் தடுத்து வைப்பது.

நம்மில் ஷாஃபியீ மத்ஹபைச் சேர்ந்தோரும் ஹனஃபீ மத்ஹபைச் சேர்ந்தோரும் உண்டு. ஷாஃபியீ இமாம்கள், விலை ஏறியிருக்கும் காலத்தில் உணவுப் பொருளை வாங்கி, மேலும் ஏறட்டும் என்று மூடி வைப்பதையே ஹராமான இஹ்திகார் என்கின்றனர். மலிவான காலத்தில் வாங்கியதையோ, தன் நிலத்தில் விளைந்ததையோ வைத்திருப்பது அதில் சேராது என்பர். ஹனஃபீகளில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் மனிதருடையவும் கால்நடையுடையவும் உணவோடு சட்டத்தை நிறுத்த, அவர்களின் மாணவர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ, தடுத்து வைத்தால் பொதுமக்களுக்குத் தீங்கு நேரும் எப்பொருளும் இதில் அடங்கும் என்றார்கள். 2021-ஆம் ஆண்டு நம் நாட்டில் மூச்சுத் திணறிக் கிடந்த நோயாளிகளின் உறவினர் பிராணவாயு சிலிண்டருக்காக அலைந்தபோது, அதையும் சிலர் ஒளித்து வைத்துக் கள்ளச்சந்தையில் விற்றனர். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் தீர்ப்பு எவ்வளவு தூரம் பார்த்தது என்பதை அன்று நாம் உணர்ந்தோம்.

இதே சட்டம் நேர்மையான வணிகருக்குப் பாதுகாப்பும் அளிக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாச் சந்தையில் பதுக்கலைத் தடுத்தார்கள். அதே நேரத்தில், கோடையிலும் குளிரிலும் வெளியூரிலிருந்து சரக்கைச் சுமந்து வருபவரைத் தம் விருந்தாளி என்று அறிவித்து, அவர் தம் விருப்பப்படி விற்கவும் வைத்துக்கொள்ளவும் உரிமை அளித்தார்கள். சங்கிலியில் ஒரு கண்ணியைச் சேர்ப்பவர் வேறு. இருக்கும் கண்ணியைப் பிடித்து இழுத்து நிறுத்துபவர் வேறு. அறுவடைக் காலத்தில் உழவரிடம் நியாய விலைக்கு வாங்கி, அடுத்த அறுவடை வரை மாதந்தோறும் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் வியாபாரி ஊருக்கு உபகாரம் செய்கிறார். அவரையும் பதுக்கல்காரர் என்று ஏசினால், நாளை ஊரில் இருப்பு வைக்க ஆளிராது.

தவக்குலுக்கு மாறானதா?

“ரிஸ்கு அளிப்பவன் அல்லாஹ், நாளைக்கென்று சேர்த்து வைப்பது தவக்குலுக்கு விரோதம் இல்லையா?” என்று கேட்போர் நம்மிடையே உண்டு. கேட்பவரின் உள்ளத் தூய்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு பொறுப்பை இறைவனிடம் ஒப்படைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை எடுத்து வைத்ததாக உமர் (ரலி) அவர்கள் வாயிலாகவே ஹதீஸ் வந்துள்ளது. அதே இல்லத்தில் அடுப்பெரியாமல் மாதங்கள் கழிந்ததாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எடுத்து வைத்தது எங்கே போயிற்று? தேவையோடு வந்தவர்களுக்குப் போயிற்று என்று உலமாக்கள் விளக்குகின்றனர். சேமிப்பும் தவக்குலும் ஒரே வீட்டில் எப்படிக் குடியிருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வைக்கும்போது கை திறமையுடன் வைக்கிறது. கொடுக்கும்போது உள்ளம் தயங்காமல் கொடுக்கிறது.

காலியான களஞ்சியம்

இதுவரை, சேர்த்து வைத்தவனைப் பற்றிப் பேசினோம். சேர்த்து வைக்கும் பொறுப்பிருந்தும் வைக்காமல் விட்டவனைப் பற்றி என்ன சொல்வது? அவன் ஒரு மூட்டையையும் பதுக்கவில்லை. ஆகவே அவன் மீது குற்றமில்லையா?

மீண்டும் மிஸ்ருக்கே செல்வோம். பதினோராம் நூற்றாண்டின் நடுவில் ஃபாத்திமீ கலீஃபா முஸ்தன்ஸிரின் அமைச்சராக அல்யாஸூரீ என்பவர் இருந்தார். அரசு ஆண்டுதோறும் ஒரு லட்சம் தீனாருக்குத் தானியம் வாங்கி இருப்பு வைப்பது அக்கால வழக்கம். தானியம் விலை வீழ்ந்தால் நஷ்டம், வைத்திருந்தால் கெட்டும் போகும். அதற்குப் பதிலாக மரம், இரும்பு, ஈயம், சோப்பு போன்ற கெடாத சரக்குகளை வாங்கி வைத்தால் அரசுக்கு லாபம் என்று அவர் யோசனை கூறினார். கலீஃபாவும் ஒப்பினார். கணக்குப் புத்தகத்தில் அது சரியான யோசனைதான். ஆனால் பின்னர் நைல் நதி போதிய அளவு பெருகாமல் போனபோது அரசுக் கிடங்கில் தானியம் இல்லை. மிஸ்ரின் பஞ்சங்களைப் பற்றித் தனி நூலே எழுதிய வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ (ரஹ்) இதைப் பதிவு செய்திருக்கிறார். இரும்பையும் ஈயத்தையும் மக்கள் தின்ன முடியுமா?

அல்யாஸூரீயின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். நெருக்கடி வந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. உழவரின் கஷ்டத்தைப் பயன்படுத்தி விளைச்சலை முன்கூட்டியே வாங்கியிருந்த வியாபாரிகளுக்கு, அவர்கள் போட்ட முதலோடு எட்டில் ஒரு பங்கு லாபமும் கொடுத்து, தானியத்தை அரசுக் கிடங்குக்கு எடுத்துப் பங்கிட்டார். திறமையான ஏற்பாடுதான். ஆனால் செழிப்பில் எளிதாகச் செய்யக்கூடியதை, நெருக்கடியில் கட்டாயத்தின் பேரில் செய்ய வேண்டியதாயிற்று.

நம் காலத்தில் இந்த யோசனை வேறு பெயரில் உலகெங்கும் பரவியது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம், தேவையான உதிரிப் பாகம் தேவையான நேரத்தில் மட்டும் வந்தால் போதும், இருப்பு என்பதே வீண் செலவு என்ற முறையை வளர்த்தது. ‘ஜஸ்ட் இன் டைம்’ என்று அதற்குப் பெயர். வீண் விரயத்தைத் தவிர்ப்பது நல்லதே. ஆனால் 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தபின், அந்த நிறுவனமே முக்கியமான மின்னணுச் சில்லுகளைச் சில மாதங்களுக்கு இருப்பு வைக்கும்படி தனக்கு அனுப்புவோரிடம் கேட்டுக்கொண்டது. கார் இரண்டு மாதம் தாமதமாக வந்தால் எவரும் சாகமாட்டார். ரொட்டி இரண்டு வாரம் தாமதமானால்?

இங்கேதான் அறத்தின் முடிச்சு இருக்கிறது. இருப்பு வைக்காமல் மிச்சம் பிடித்த பணம் ஒருவர் பையில் சேர்கிறது. இருப்பு இல்லாததால் வரும் பசி வேறொருவர் வயிற்றில் விழுகிறது. லாபம் ஒரு பக்கமும் ஆபத்து மறுபக்கமும் போகும் பங்கீட்டை நம் ஷரீஅத் எந்த வாணிபத்தில் நியாயம் என்று ஏற்றிருக்கிறது? பதுக்கல்காரன் ஏழையின் உணவைப் பூட்டி வைத்து அவனுக்குத் தீங்கு செய்கிறான். பொறுப்பிலிருந்தும் களஞ்சியத்தைக் காலியாக விட்டவன், பூட்டுவதற்குக் கூட எதையும் வைக்காமல் அதே தீங்கைச் செய்கிறான். முன்னவனை நாம் அடையாளம் கண்டு சபிக்கிறோம். பின்னவனைச் சிக்கனக்காரன் என்று பாராட்டிவிடுகிறோம்.

ஒரே வாசல் வழியாக

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றிலேயே மற்றொரு படிப்பினையும் உண்டு. தம் மக்களை மிஸ்ருக்கு அனுப்பியபோது யஃகூப் (அலை) அவர்கள், எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழைய வேண்டாம், வெவ்வேறு வாசல்களால் நுழையுங்கள் என்று புத்தி சொன்னார்கள். அதேசமயம், இறைவனின் நாட்டத்தை இந்த யோசனை தடுத்துவிடாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். கண்ணேறுக்கு அஞ்சிச் சொன்னது என்பர் விரிவுரையாளர் பலர். எனினும் எல்லாவற்றையும் ஒரே வாசலில் கொண்டு நிறுத்தாதே என்ற அறிவு தானியத்துக்கும் பொருந்தும்.

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு அரபு நாட்டில் ‘சாம்பல் ஆண்டு’ எனப்படும் கொடும் பஞ்சம் வந்தது. மக்கள் நெய் உண்ணும் காலம் வரும்வரை தாமும் நெய் உண்பதில்லை என்று உமர் (ரலி) அவர்கள் உறுதி பூண்டிருந்தார்கள். பிற மாகாணங்களுக்கு எழுதி உணவை வருவித்தார்கள். மிஸ்ரு வசப்பட்ட பின்னர், ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தூர்ந்து கிடந்த பழைய கால்வாயைத் தோண்டி, நைல் நதியைச் செங்கடலின் குல்ஸும் துறையோடு இணைத்தார்கள். கோதுமைக் கப்பல்கள் அங்கிருந்து மதீனாவின் துறையான ஜாருக்கு வந்தன. அமீருல் முஃமினீன் கால்வாய் என்று அதற்குப் பெயர். ஆனால் பிற்காலத்தில், 762-இல் மதீனாவில் எழுந்த கிளர்ச்சியை ஒட்டி, அந்நகருக்கு உணவு போகாதிருக்க அப்பாஸீ கலீஃபா மன்ஸூர் அதே கால்வாயை அடைக்கச் செய்தார் என்று வரலாறு கூறுகிறது. உணவளிக்கத் திறந்த வாசல், பட்டினி போடும் வாசலாயிற்று!

அல்யாஸூரீ காலத்திலும் இதுவே நடந்தது. 1054-ஆம் ஆண்டு பைஸாந்தியச் சக்கரவர்த்தி நான்கு லட்சம் அர்தப் கோதுமை அனுப்ப ஒப்புக்கொண்டார். 1055 ஜனவரியில் அவர் இறந்தார். பின்வந்த அரசி, படை உதவிக்கு உடன்பட்டால்தான் கோதுமை என்று நிபந்தனை போட்டாள். உடன்பாடு ஏற்படவில்லை, கோதுமையும் வரவில்லை. அந்தத் தலைநகரம் இன்றைய இஸ்தன்பூல். 2022-இல் உக்ரைன் கோதுமைக் கப்பல்கள் கருங்கடலை விட்டு வெளிவரப் பேச்சுவார்த்தை நடந்ததும், ஜூலை 22 அன்று உடன்படிக்கை ஆனதும் அதே நகரத்தில்தான். 2023 ஜூலையில் அதுவும் முறிந்தது.

போருக்கு முன் மிஸ்ரு தன் இறக்குமதிக் கோதுமையில் ஐந்தில் நான்கு பங்கை ரஷ்யா, உக்ரைன் என்ற இரு நாடுகளிலிருந்தே வாங்கி வந்தது. ஒரு காலத்தில் மதீனாவுக்கு ஊட்டிய நாடு, உலகிலேயே மிகுதியாகக் கோதுமை இறக்குமதி செய்யும் நாடுகளின் முன்வரிசையில் நிற்கிறது. அரசு மானிய ரொட்டியை ஏறத்தாழ ஏழு கோடிப் பேர் நம்பியிருந்தனர். ஆயினும் 2022-இல் அந்த ரொட்டி நிற்கவில்லை. ஏன்? முந்திய ஆண்டுகளில் திறந்தவெளியில் கொட்டி வைத்த பழைய முறையை மாற்றி, நவீனக் குதிர்கள் கட்டியிருந்தனர். சில மாத இருப்பு இருந்தது. ஏப்ரலில் உள்நாட்டு அறுவடை வந்தது. வேறு நாடுகளின் வாசல்களையும் தட்டினர். தட்டப்பட்ட வாசல்களில் இந்தியாவும் ஒன்று. மே 13 அன்று இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தபோதும், உணவு நெருக்கடியுள்ள நாடுகளின் அரசுகள் கேட்டால் அனுமதிக்க வழி வைத்தது. காண்ட்லா துறைமுகத்தில் ஏற்றப்பட்டுக் கொண்டிருந்த மிஸ்ரு சரக்கு அனுப்பப்பட்டது. தன் மக்களை முதலில் கவனிப்பது அரசின் கடமை. கன்ஆன் தேசத்தவருக்கும் கதவில் சிறு திறப்பு வைப்பது யூசுஃபிய நெறி.

லெபனான் இதற்கு மறுபக்கம். அந்நாட்டுத் தானிய இருப்பில் பெரும்பகுதி பெய்ரூத் துறைமுகக் குதிர்களில் இருந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று நடந்த வெடிவிபத்தில் அவை நாசமாயின. மீதமிருந்தது ஒரு மாதத்துக்குக் கூடக் காணாது என்று அந்நாட்டு அமைச்சரே அறிவித்தார். களஞ்சியம் இருந்தது, வாசல் ஒன்றே ஒன்றாக இருந்தது.

சீட்டும் மூட்டையும்

ஜார் துறையைப் பற்றி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி உண்டு. அங்கு வந்த தானியத்துக்கு மக்களுக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. மர்வான் ஆளுநராக இருந்தபோது, தானியத்தைக் கையில் பெறுமுன்னரே சீட்டைக் கைமாற்றி விற்கத் தொடங்கினர். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு தோழரும் மர்வானிடம் சென்று, இது வட்டி வியாபாரத்தை ஹலாலாக்குவது ஆகாதா என்று கண்டித்தார்கள். மர்வான் காவலரை அனுப்பிச் சீட்டுகளைப் பறித்து உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். சீட்டு பத்துக் கை மாறுகிறது. மூட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. விலை மட்டும் ஏறுகிறது. உணவைக் கைவசம் பெறாமல் விற்காதே என்ற நபிவழிச் சட்டத்தின் தத்துவம் இதுவே. சங்கிலியில் உண்மையாகச் சுமப்பவர் எவர், வெறும் காகிதம் பிடித்திருப்பவர் எவர் என்று பிரித்தறிய அது கற்பிக்கிறது.

யார் மீது கடமை?

உழவு, நெசவு போன்ற தொழில்களை இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் ‘ஃபர்ளு கிஃபாயா’வில் சேர்த்தார்கள். சிலர் செய்தால் எல்லோர் கடமையும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். இடர் நாளுக்கான இருப்பும் அவ்வகையைச் சேர்ந்தது என்பது நம் கருத்து. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அந்நாட்டு அரிசி வராமல் நின்றதும், மறுவருடம் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டதும் நம் மூத்தோர் மறக்காத செய்தி. பதுக்கலும் அரசின் அலட்சியமும் அப்பஞ்சத்துக்குத் துணை செய்தன. 1965-இல் இந்திய உணவுக் கழகம் தொடங்கி, கையிருப்பு வைக்கும் முறை வேரூன்றியது. அந்த இருப்பு இருந்ததால்தான் 2020-இல் ஏறத்தாழ எண்பது கோடி மக்களுக்கு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் விலையின்றிக் கொடுக்க முடிந்தது.

அரசு தன் பங்கைச் செய்யட்டும். நம் பங்கு என்ன? வியாபாரிகளாயிருப்போர் தம் கிடங்குக் கணக்கை ஆண்டுக்கொரு முறை ஜகாத்துக்காக எண்ணும்போது, இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளட்டும்: “இந்தச் சரக்கு எந்த நாளில் வெளியே போகும் என்று காத்திருக்கிறேன்? ஊர் பசிக்கும் நாளிலா, விலை உச்சம் தொடும் நாளிலா?” குடும்பத்தார், ஊரில் தட்டுப்பாடு இல்லாத நாளில் சிறிது சிறிதாக வாங்கி வைக்கலாம்; தட்டுப்பாடு வந்தபின் அள்ளிக்கொண்டு ஓடலாகாது, ஏனெனில் அன்று நாம் அதிகமாக எடுக்கும் ஒவ்வொரு படியும் அன்றாடக் கூலி வாங்கி மாலையில் கடைக்கு வருபவருடையது. மஹல்லா ஜமாஅத்துகள் பைத்துல்மாலில் பணம் மட்டும் வைக்காமல், அறுவடை நாளில் சில மூட்டை அரிசியும் வாங்கி, ஆண்டு முடிவதற்குள் ஏழைகளுக்கு அளித்து, மீண்டும் புதிதாக நிரப்பலாம். வெள்ளமோ புயலோ ஊரடங்கோ வந்த அன்று, கையிலுள்ள ரூபாயால் வாங்குவதற்குக் கடையில் அரிசி இராது. அப்போது அந்தக் கதவு ஜாதி மதம் பாராமல் ஊர் முழுமைக்கும் திறக்கட்டும்.

களஞ்சியம் என்பது ஓர் அமானிதம். சாவி நம்மிடம் இருக்கும். உள்ளே இருப்பதில் இல்லாதோர்க்கும் பங்குண்டு. செழிப்பில் சேர்க்கும் அறிவையும், வறுமையில் திறக்கும் துணிவையும் அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.